அசல் 1851 கோல்ட் நேவி குண்டைச் சிதறடிக்கிறது: தேய்ந்தது பேரலா, சேம்பரா?

லெஸ்டர் தமிழன்

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். ஆறு வருடமாக இங்கே ஒரு கிளப்பில் கருமருந்து ரிவால்வர் சுடுகிறேன்: சுழலும் சிலிண்டரில் இருக்கும் ஆறு அறைகளில் (சேம்பர்) முன்பக்கமிருந்து மருந்தும் ஈய உருண்டையும் அடைத்து, பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற துளைக் குமிழில் கேப் என்ற சின்ன வெடித்தொப்பி மாட்டிச் சுடுவது. இதுவரை சுட்டதெல்லாம் இத்தாலியில் செய்த நகல்கள். போன வருடக் கடைசியில் முதல் முறையாக ஒரு அசல் வாங்கினேன். 1851 மாடல் கோல்ட் நேவி, .36 காலிபர் (துளையின் அங்குல அளவு). பேரலின் மேல் லண்டன் முகவரி பொறித்திருக்கிறது. சாமுவேல் கோல்ட் 1850களின் நடுவில் லண்டன் பிம்லிகோவில் சில வருடங்கள் தொழிற்சாலை நடத்தினார் அல்லவா, அங்கே செய்தது.

இந்த நாட்டில் இதை அலமாரியில் அழகுக்கு வைத்திருந்தால் லைசென்ஸ் வேண்டாம். சுட நினைத்தால் 1968 துப்பாக்கிச் சட்டப்படி சான்றிதழில் ஏற்ற வேண்டும். அந்த வேலை எல்லாம் முடிந்தது.

சிக்கல் இதுதான். 25 மீட்டரில் என் நகல் துப்பாக்கியில் ஆறு குண்டையும் உள்ளங்கை அளவுக்குள் வைப்பேன். அதே கை, அதே மருந்து, அதே .375 ஈய உருண்டை. இந்த அசலில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறுகிறது. ஒவ்வொரு ஆறு குண்டிலும் ஒன்று இலக்குத் தாளுக்கே வருவதில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தால் பேரலுக்குள் குண்டைச் சுழற்றும் திருகு மேடு பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நடுப்பகுதி முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள். கிளப்பில் ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "பேரல் முடிந்துவிட்டது, துளையைப் பெரிதாக்கி உள்ளே புதுக் குழாய் இறக்கு" என்றார். 170 வருடத்துப் பொருளில் துளை போட எனக்கு மனசு வரவில்லை. இது பேரல் தேய்மானம்தானா? வேறு எங்கே பார்க்க வேண்டும்?

கந்தகவாசம்

தம்பி, டார்ச்சை வைத்து முடிவு கட்டாதே. நான் மெல்பர்னில் இருபது வருடமாக முன்வாய் ஏற்றும் பிஸ்டல்களோடு வாழ்கிறவள். பார்க்கவே பயமாக இருக்கும் குழிவிழுந்த பேரல்கள் அழகாகச் சுட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணாடி மாதிரி பளபளக்கும் பேரல் சொதப்பியதையும் பார்த்திருக்கிறேன். குழி என்பது மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்த ஓட்டை; மேட்டின் ஓரம் இன்னும் கூர்மையாக நின்றால் ஈயத்தைப் பிடித்துச் சுழற்ற அது போதும். இரண்டு மூன்று சிலிண்டருக்குள் கரி சேர்ந்து, குண்டு நிலைகுலைய ஆரம்பிக்கும், அதுதான் குழியால் வரும் தொந்தரவு. அடிக்கடி ஈரத்துணி விட்டால் சமாளிக்கலாம்.

நீ முதலில் பார்க்க வேண்டியது வாய். கடைசி ஒரு அங்குலம். குண்டு பேரலை விட்டுப் பிரியும் அந்த நொடியில் ஒரு பக்கம் மட்டும் வாயு முந்திக்கொண்டு வெளியேறினால் குண்டின் பின்புறத்தைத் தள்ளிவிடும். நூறு வருடமாக யார் யாரோ எஃகுக் கம்பியை வைத்து வாய்ப்பக்கமிருந்து துடைத்திருப்பார்கள். கம்பி ஒரே இடத்தில் உரசி உரசி வட்டத்தை நீள்வட்டமாக்கிவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து, வாயின் உள்விளிம்பில் மெதுவாக ஒரு சுற்று இழுத்துப் பார். எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது.

ஒரு சின்ன விலகல். ஃபிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல் பொறியால் சுடும் துப்பாக்கி) காலத்து லண்டன் கொல்லர்கள் தேய்மானத்தை எவ்வளவு நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள் என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிஸ்டல்களில் முதலில் சாகிற இடம் பேரல் இல்லை, பக்கவாட்டில் இருக்கும் நெருப்புத் துளை. ஒவ்வொரு சூட்டுக்கும் அதன் வழியே சூடான வாயு சீறும். இரும்பு அரித்து அரித்துத் துளை பெரிதாகும். அழுத்தம் அந்த வழியில் கசிந்து குண்டின் வேகம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதற்காக அந்தத் துளைக்குத் தங்கத்தில் உள்ளுறை போட்டார்கள், பிறகு பிளாட்டினத்தில் போட்டார்கள். ஜோசப் மேன்டன் மாதிரி கொல்லர்களின் வேலையில் இன்றைக்கும் அந்த மஞ்சள் புள்ளியைப் பார்க்கலாம். அதை ஆடம்பரம் என்று நினைத்துக் கடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உன் கோல்ட்டில் அந்தத் துளைக்கு நிகரானது நிப்பிள். அதையும் பார்.

பட்டறைக்காரன்

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். துப்பாக்கி சுட்டதில்லை, ஆனால் துளையை அளப்பது என் அன்றாட வேலை. அக்கா சொன்னது சரி, ஆனால் அளக்காமல் பேசிக்கொண்டே போனால் எல்லாமே ஊகம்தான். எப்படி அளப்பது என்று எழுதுகிறேன்.

கோல்ட்டில் ஒரு வசதி, பக்கவாட்டில் இருக்கும் வெட்ஜை (ஆப்பை) தட்டி எடுத்தால் பேரல் தனியாகக் கையோடு வந்துவிடும். பேரலுக்குள் லேசாக எண்ணெய் தடவுங்கள். துளையைவிடச் சற்றுப் பெரிய தூய ஈய உருண்டையை சிலிண்டர் பக்கமிருந்து மரச் சுத்தியால் தட்டி இறக்குங்கள். அப்புறம் பித்தளைக் குச்சியால் சீராகத் தள்ளுங்கள். இதில் அளவைவிட முக்கியம் கை உணர்வது. ஒரே இறுக்கத்தில் கடைசி வரை போனால் துளை நன்றாக இருக்கிறது. நடுவில் 'பொத்'தென்று தளர்ந்து மறுபடி இறுகினால் அங்கே தேய்மானமோ வீக்கமோ இருக்கிறது. வாய்க்கு வரும்போது தளர்ந்தால் அக்கா சொன்ன நோய்.

வெளியே வந்த ஈயத்தில் பேரலின் பள்ளங்கள் மேடாகப் பதிந்திருக்கும். இங்கேதான் எல்லோரும் தவறு செய்வது. கோல்ட் நேவியில் ஏழு பள்ளம். ஒற்றைப்படை. சாதாரண மைக்ரோமீட்டரில் வைத்தால் ஒரு தாடை மேட்டிலும் எதிர்த் தாடை பள்ளத்திலும் உட்காரும், அளவு குறைவாகக் காட்டும். "ஆஹா, பேரல் இறுக்கமாகத்தான் இருக்கிறது" என்று ஏமாந்து போவீர்கள். ஏழு பள்ளத்துக்கென்றே வி-அன்வில் மைக்ரோமீட்டர் உண்டு. இல்லையென்றால் 0.05 மி.மீ. ஷிம் தகட்டை ஈயத்தைச் சுற்றி இறுக்கமாக ஒரு சுற்று சுற்றி, அதன் மேல் அளந்து, 0.10 மி.மீ. கழித்துவிடுங்கள்.

அடுத்தது சேம்பர். ஆறையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்றை அளந்துவிட்டு ஆறும் அப்படியே என்று எழுதக் கூடாது. வாயில் ஒன்று, பாதியில் ஒன்று, குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்து நீள்வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். துளையின் உள்விட்டம் அளக்கும் டெலஸ்கோப்பிக் கேஜ் போதும். எண் போட்டு அட்டவணையாக எழுதி இங்கே போடுங்கள்.

லெஸ்டர் தமிழன்

மிக்க நன்றி அண்ணா, அக்கா. சனிக்கிழமை முழுக்க இதுதான் வேலை. சிலிண்டரின் பின்புறத்தில் நகப்பூச்சால் ஒன்று முதல் ஆறு வரை புள்ளி வைத்துக்கொண்டேன்.

பேரல்: உருண்டை சிலிண்டர் பக்கத்தில் இறுக்கம், நடுவில் கொஞ்சம் தளர்வு, வாயில் மறுபடி இறுக்கம். பஞ்சு எங்கும் மாட்டவில்லை. பள்ளத்தோடு சேர்ந்த விட்டம் ஷிம் முறையில் 9.63 மி.மீ.

சேம்பர் வாய்: ஒன்று முதல் ஐந்து வரை எல்லாம் 9.45க்கும் 9.47க்கும் இடையில். ஆறாவது மட்டும் ஒரு குறுக்கில் 9.60, இன்னொரு குறுக்கில் 9.56. உள்ளே கருப்பாக, கரடுமுரடாக இருக்கிறது.

என் உருண்டை .375, அதாவது 9.53. அப்படியென்றால் ஆறாவது சேம்பரில் அது சும்மா உள்ளே விழுந்திருக்கிறது. இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

பட்டறைக்காரன்

// ஒன்று முதல் ஐந்து வரை எல்லாம் 9.45க்கும் 9.47க்கும் இடையில் //

விடை பாதி இங்கேயே இருக்கிறது. உருண்டை 9.53 ஆக உள்ளே போனாலும், நெம்புகோலால் அழுத்தும்போது சேம்பர் வாய் அதைச் சீவி 9.46 ஆக்கிவிடுகிறது. அந்த 9.46 உருண்டை 9.63 பள்ளமுள்ள பேரலுக்குள் நுழைகிறது. 0.17 மி.மீ. இடைவெளி. எங்கள் தொழிலில் அது வண்டி போகிற சந்து. பெரிய உருண்டை வாங்கினாலும் பயனில்லை, அதையும் சேம்பர் அதே 9.46க்குத்தான் சீவும்.

ஓய்வு ஆர்மரர்

தம்பிகளுக்கு வணக்கம். காவல்துறை ஆயுதக் கிடங்கில் ஆர்மரராக (ஆயுதங்களைப் பழுது பார்ப்பவர்) இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது சென்னையில். தம்பி லெஸ்டர், முதலில் ஒன்று: ஆறாவது சேம்பரில் இனி மருந்து போடாதே. காரணத்தைக் கீழே சொல்கிறேன், ஆனால் அதைப் படிக்கும் முன்பே இதை மனதில் வைத்துக்கொள்.

கேப் ரிவால்வரில் உருண்டையை அழுத்தும்போது வாயைச் சுற்றி மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவப்பட்டு விழ வேண்டும். அந்த வளையம் முழு வட்டமாக விழுந்தால்தான் உருண்டை சேம்பரை அடைத்திருக்கிறது என்று பொருள். வளையம் விழாத சேம்பரில் இடுக்கு இருக்கிறது. பக்கத்து சேம்பர் வெடிக்கும்போது அந்த நெருப்பு இடுக்கு வழியே போய் மருந்தைத் தொட்டால், பேரலுக்கு நேராக இல்லாத சேம்பர் வெடிக்கும். சங்கிலி வெடிப்பு என்பது இதுதான். உருண்டையின் மேல் கொழுப்பு தடவுவதும், கீழே கொழுப்பில் தோய்த்த கம்பளி வில்லை வைப்பதும் நல்ல பழக்கம். ஆனால் அவை தேய்ந்த சேம்பரைச் சரிசெய்யாது. தளர்ந்த உருண்டைக்கு இன்னொரு குணமும் உண்டு: மற்றவை வெடிக்கும் அதிர்ச்சியில் அது முன்னால் நகர்ந்துவிடும். மருந்துக்கும் உருண்டைக்கும் நடுவே காலி இடம் வரும்.

இரண்டாவது காரணம் அதைவிடப் பெரியது. சிலிண்டரின் வெளியே பார், ஒவ்வொரு சேம்பருக்கும் ஒரு சின்னச் செவ்வகப் பள்ளம் வெட்டியிருக்கும். ஹேமரை (கேப்பை அடிக்கும் சுத்தியலை) இழுத்ததும் கீழிருந்து போல்ட் மேலே வந்து அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து சிலிண்டரைப் பூட்டும். ஆறு சேம்பர் உள்ள கோல்ட்டில் அந்த வெட்டு சேம்பர் சுவரின் மேலேயே வருகிறது. சிலிண்டர் முழுவதிலும் மெல்லிய இடம் அதுதான். வெளியே வெட்டு, உள்ளே துருக்குழி, இரண்டும் ஒரே இடத்தில் எதிரெதிராக அமைந்தால் நடுவில் எவ்வளவு இரும்பு மிச்சம் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பேரல் தேய்ந்தால் குறி தவறும். சேம்பர் தேய்ந்தால் கை போகும். இளைஞர்கள் எப்போதும் பேரலுக்குள் டார்ச் அடிப்பதைப் பார்க்கிறேன், சிலிண்டரைக் கழற்றி சேம்பருக்குள் அடிப்பவர்கள் குறைவு.

1847இல் வாக்கர் கோல்ட் வந்தபோது நடந்ததை நினைத்துக்கொள். மொத்தம் 1,100 தான் செய்தார்கள். ஒவ்வொரு சேம்பரிலும் 60 கிரெய்ன் (சுமார் 4 கிராம்) வரை மருந்து பிடிக்கும். அந்தக் காலத்து சிலிண்டர் இரும்பு அதைத் தாங்கவில்லை, பல சிலிண்டர்கள் களத்திலேயே பிளந்தன. அவை அன்றைக்குப் புத்தம் புதியவை. உன்னுடையது அளவில் சின்னது, மருந்தும் குறைவு, ஆனால் வயது 170.

பட்டறைக்காரன்

ஆர்மரர் ஐயா சொன்னதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, உள்ளே வார்ப்பு எடுப்பது. செர்ரோசேஃப் என்று ஒரு உலோகக் கலவை கிடைக்கும். கொதிநீர்ச் சூட்டுக்கும் கீழேயே, 90 டிகிரிக்குள் உருகிவிடும். நிப்பிளைக் கழற்றி, அந்தத் துளையைத் துணியால் அடைத்து, சேம்பரில் ஊற்றினால் அரை மணி நேரத்தில் சற்றுச் சுருங்கும். அப்போது பின்துளை வழியே பித்தளைக் குச்சியால் மெதுவாகத் தட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். சுருங்கியது அதன்பின் மெல்ல விரிந்து, ஊற்றி ஒரு மணி நேரம் ஆகும்போது அசல் அளவுக்கு வரும், அளப்பது அப்போதுதான். துருக்குழி ஒவ்வொன்றும் வார்ப்பின் மேல் பருவாக நிற்கும். பருவின் உயரம் குழியின் ஆழம்.

இரண்டாவது, வெடிப்புப் பார்க்கும் சாய டெஸ்ட். பம்பு ஷாஃப்ட், வால்வு பாடிக்கெல்லாம் தினமும் செய்வோம். சுத்தம் செய்த உலோகத்தில் சிவப்புச் சாயத்தை அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளித்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பிலிருந்து சாயம் கசிந்து சிவப்புக் கோடாகத் தெரியும். அந்தப் பள்ளங்களின் நான்கு மூலைகளையும், நிப்பிள் புரியைச் சுற்றியும் பார்க்கச் சொல்லுங்கள். கூர் மூலையில்தான் எந்த உலோகமும் முதலில் விரியும்.

டெக்சஸ் மணி

கருமருந்து இல்லை, ஆனால் இதே கதை என் வீட்டிலும் ஓடுகிறது, அதனால் இங்கேயே கேட்கிறேன். என்னிடம் ஒரு வெப்லி மார்க் 6 ரிவால்வர் இருக்கிறது. 1915இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட .455 மாடல். இந்த ஊரில் பழைய ராணுவச் சரக்காக வந்தபோது, .455 தோட்டா கிடைக்காது என்பதால் சிலிண்டரின் பின்முகத்தைச் சீவி, அரை நிலா கிளிப்பில் (மூன்று தோட்டாவைப் பிடிக்கும் வளைந்த தகடு) .45 ஏசிபி என்ற அமெரிக்கப் பிஸ்டல் தோட்டா போடும்படி மாற்றி விற்றார்கள். என்னுடையதும் அப்படிச் சீவியதுதான். கடையில் கிடைக்கும் சாதாரண ராணுவ வகைத் தோட்டாவைத்தான் சுடுகிறேன். கொஞ்ச நாளாகக் காலி உறைகள் வெளியே வர அடம் பிடிக்கின்றன. பூட்டிய பிறகு பேரலைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆடுகிறது. சேம்பர் தேய்ந்துவிட்டதா சார்?

ஓய்வு ஆர்மரர்

தம்பி மணி, அதை இன்றோடு நிறுத்து. .45 ஏசிபிக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. வெப்லியின் .455 தோட்டாவுக்கு சுமார் 13,000 தான். அந்தத் துப்பாக்கி பர்மிங்காமில் செய்யப்பட்டபோது எந்த அழுத்தத்துக்குச் சோதித்து முத்திரை குத்தினார்களோ, அந்த அளவை நீ ஒவ்வொரு முறை டிரிகரை அழுத்தும்போதும் எட்டிக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. வெப்லியின் சேம்பர் வாய்கள் பேரல் பள்ளத்தைவிடச் சிறியவை. அசல் தோட்டாவில் 265 கிரெய்ன் மென் ஈயக் குண்டு, அடியில் கிண்ணம் மாதிரி குழிவு. இறுக்கமான வாயில் பணிந்து சுருங்கிப் போகும், பேரலுக்குள் வந்ததும் வாயு அந்தக் குழிவை விரித்துப் பள்ளத்தை நிரப்பும். வடிவமைத்தவர்கள் தெரிந்தே செய்தது அது. நீ போடுவது செம்பு உறையிட்ட கடினக் குண்டு. அது பணியாது. இறுக்கமான வாயில் திணிந்து போகும்போது அழுத்தம் இன்னும் ஏறும். உறை வெளியே வர அடம் பிடிப்பது சேம்பர் விரிந்ததற்கு முதல் அடையாளமாக இருக்கலாம். சுட்ட உறை ஆறையும் எடுத்து, அடிக்கு மேலே எங்கேயாவது ஒரு பக்கம் உப்பியிருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார். ஒரே சேம்பரின் உறைகள் எல்லாம் ஒரே இடத்தில் உப்பியிருந்தால் அந்த சிலிண்டரின் ஆயுள் முடிந்தது.

பேரல் ஆடுவது மேலே இருக்கும் பூட்டுக் கொக்கியும் கீழே இருக்கும் கீல் ஊசியும் தேய்ந்ததால். அந்த ஆட்டம் இருக்கும் வரை சேம்பரும் பேரலும் ஒவ்வொரு சூட்டுக்கும் வேறு வேறு கோட்டில் நிற்கும்.

டெக்சஸ் மணி

உறைகளை உருட்டிப் பார்த்தேன் சார். இரண்டு சேம்பரின் உறைகளில் உப்பல் தெரிகிறது, வெளிப்பக்கம், ஒரே இடம். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நல்ல துப்பாக்கி நிபுணர் ஒருவரிடம் காட்டாமல் இனித் தொடப் போவதில்லை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

குன்னூர் குளிர்

வெப்லி என்றதும் வந்தேன். எங்கள் அப்பா அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். .455 தோட்டாவுக்குள் இருந்த மருந்துதான் அந்தத் தொழிற்சாலைக்கே பெயர் கொடுத்தது. இடியாப்பம் மாதிரி நூல் நூலாகப் பிழிந்து எடுப்பார்கள். துப்பாக்கிக்கேற்ப நூலின் தடிமன் மாறும்.

முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 பங்கு, கன்காட்டன் (நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சு) 37 பங்கு, மீதி 5 பங்கு வாசலின். அந்த வாசலின் பேரலுக்கு வழுவழுப்புத் தரும் என்று நினைத்துச் சேர்த்தது. சுடர் அவ்வளவு சூடாக இருந்ததால் பேரலின் தொடக்கப் பகுதி அரித்துப் போனது. தென்னாப்பிரிக்காவின் போயர் போரில் அனுபவப்பட்ட பிறகு நைட்ரோகிளிசரினை 30 ஆகக் குறைத்து, கன்காட்டனை 65 ஆக்கினார்கள். .455 தோட்டாவுக்கும் இதில் ஒரு கதை உண்டு. 1891இல் கருமருந்துக்காக வந்த நீளமான உறையில் கார்டைட் சரியாக எரியவில்லை, இடம் அதிகம். அதனால் 1897இல் மார்க் 2 என்று உறையைக் குட்டையாக்கினார்கள். பழைய நீள சேம்பரில் குட்டை உறையைப் போட்டுச் சுட்டால் வாய்க்கும் உறைக்கும் நடுவே கரி வளையம் கட்டும். துடைக்காமல் விட்டால் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். ரைஃபிள், பீரங்கி விஷயம் வேறு. பிஸ்டல் பேரல் குண்டு ஓடி ஓடித் தேய்ந்தது என்பது அபூர்வம். ஒரு அதிகாரியின் ரிவால்வர் வாழ்நாளில் எத்தனை முறை சுடப்பட்டிருக்கும்? அவற்றைக் கெடுத்தது கேப்புக்குள் இருந்த உப்பு. பழைய கேப்பிலும் பிரைமரிலும் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்ற வைப்பது) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகப் படியும், சாப்பாட்டு உப்பின் உடன்பிறப்பு. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரவோடு இரவாகத் துருவைக் கிளப்பும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் அந்த உப்பு கரையாது. தண்ணீர்தான் கரைக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, சூடு இருக்கும்போதே துடைத்து, அப்புறம் எண்ணெய். தண்ணீரைக் கண்டால் துருப் பிடிக்கும் என்று பயந்து எண்ணெயை மட்டும் பூசி வைத்தவர்களின் துப்பாக்கிகள்தான் இன்று குழிகளோடு ஏலத்துக்கு வருகின்றன.

செட்டிநாட்டு வீடு

பெரியவர்களுக்கு வணக்கம். எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் இதே மாதிரி கேப் வைத்துச் சுடும் இரட்டைக்குழல் பிஸ்டல் ஒன்று கிடைத்தது. துரு ஏறியிருக்கிறது, ஆனால் ஹேமர் வேலை செய்கிறது. மேலே சொன்ன அளவுகளை எடுத்துவிட்டு ஒரு முறை சுட்டுப் பார்க்கலாமா?

ஓய்வு ஆர்மரர்

வேண்டாம் தம்பி. நம் ஊர்ச் சட்டம் வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு பழங்காலப் பொருளுக்கு விலக்குத் தருகிறதுதான், ஆனால் பழுது பார்த்தும்கூடச் சுட முடியாத நிலையில் இருப்பதற்கு மட்டும். ஹேமர் வேலை செய்கிறது என்று நீயே சொல்கிறாய். அதைத் தொடாமல் வைத்துவிட்டு, வக்கீல் ஒருவரோடு போய்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடு. இன்னொன்று, பரணில் கிடைக்கும் துப்பாக்கிக்குள் பழைய மருந்தும் குண்டும் அப்படியே இருப்பது சகஜம். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் எரியும். வாயை யார் பக்கமும் திருப்பாதே, ஹேமரோடு விளையாடாதே.

கந்தகவாசம்

லெஸ்டர் தம்பி, உன்னிடம் மருந்து போடத் தகுந்த சேம்பர் ஐந்து இருக்கிறது. சாய டெஸ்ட்டில் அவை தேறினால் ஒரு காரியம் செய். ஐந்து தாள் ஒட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு எண். முதல் சேம்பரை எப்போதும் முதல் தாளில் மட்டும் சுடு, இரண்டாவதை இரண்டாவதில். மேஜையில் மணல் மூட்டை வைத்துக் கையை ஊன்றிக்கொள். ஐந்து சுற்று. ஒரு ரிவால்வர் என்பது ஒரே பேரலை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஐந்தாறு பிஸ்டல் என்று எனக்குப் புரிந்தது அப்படிச் செய்த அன்றைக்குத்தான்.

ஈயம் தூயதுதானா என்று பார்த்துக்கொள். நகத்தால் கீறினால் ஆழமாகக் கோடு விழ வேண்டும். உன் 9.46 உருண்டை 9.63 பேரலில் பிடிப்பதற்கு இருக்கும் ஒரே வழி, மருந்தின் அடியில் அது நசுங்கிப் பருப்பதுதான். பழைய டயர் எடைக்கட்டியில் வார்த்த ஈயம் நசுங்காது. நிப்பிளையும் மாற்று. துளை பெரிதாகிவிட்டால் வாயு பின்னால் வந்து ஹேமரைத் தூக்கும், கேப் சிதறி உள்ளே விழும், ஒவ்வொரு சூட்டின் வேகமும் மாறும்.

பட்டறைக்காரன்

வெட்ஜையும் கவனியுங்கள். கோல்ட்டில் மேல் பட்டை இல்லை, பேரல் நிற்பதே அந்த ஒரு ஆப்பில். ஒரு நாள் கட்டை விரலால் தள்ளி, இன்னொரு நாள் சுத்தியால் அடித்து இறக்கினால் சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு நாளும் ஒன்றாக இருக்காது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.15 மி.மீ.க்கு இறக்குங்கள், அந்த இடத்தில் வெட்ஜில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

லெஸ்டர் தமிழன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டெஸ்ட் செய்யும் இடத்தில் வரிசை.

சாய டெஸ்ட்: ஒன்று முதல் ஐந்து வரை சுத்தம். ஆறாவதில் வெளிப் பள்ளத்தின் ஒரு மூலையில் மயிரிழை அளவுக்குச் சிவப்புக் கோடு. வெள்ளைப் பொடியின் மேல் அது மெதுவாக ஊறி வருவதை நின்று பார்த்தேன். முதல் நொடியில் ஒன்றும் இல்லை. நான்கைந்து நிமிடத்தில் எறும்பு நடந்த தடம் மாதிரி ஒரு கோடு. இந்த சேம்பரில் நான் பத்துப் பதினைந்து முறையாவது சுட்டிருப்பேன். அந்த அறையில் இருந்து வெளியே வந்து வண்டியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மற்ற ஐந்தும் சுத்தம் என்றாலும் ஒரே சிலிண்டர்தானே, அதனால் பழைய துப்பாக்கிகளையே தொழிலாகப் பார்க்கும் கொல்லர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வார்ப்பு எடுத்துச் சுவரை அளந்து, குறைந்த மருந்தோடு ஐந்து சேம்பரில் சுடலாம், ஒவ்வொரு மாதமும் சாய டெஸ்ட் திரும்பச் செய்ய வேண்டும், ஆறாவதின் கோடு நீண்டால் அன்றே நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

// வேண்டாம் என்றால் வேண்டாம்தான், உன் கை உன்னுடையது // என்று ஆர்மரர் ஐயா தனி மடலில் எழுதியதையும் யோசித்தேன். ஒரு மாலை மட்டும் ரிமோட் கயிறு கட்டி, ஸ்டாண்டில் பூட்டி, ஐந்து தாள் சோதனை செய்தேன். தூய ஈயம், புது நிப்பிள், வெட்ஜ் கோட்டில்.

இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து: நான்கு தாளிலும் குண்டுகள் ஏறத்தாழ ஒரே இடத்தில், என் உள்ளங்கையால் மூடிவிடலாம். ஒன்றாவது தாளில் அதே அளவுக் கூட்டம்தான், ஆனால் மொத்தமாக நாலு விரல் இடதுபக்கம் தள்ளி. கொல்லரிடம் கேட்டேன். ஒன்றாவது சேம்பரின் பூட்டுப் பள்ளத்தின் ஒரு விளிம்பு மழுங்கியிருக்கிறது, அதனால் அது பேரலுக்கு நேராக வராமல் சற்று முன்பே நிற்கிறதாம். தாளுக்கு வராத குண்டு எதுவும் இந்த முறை இல்லை. பேரல் அதே பேரல், அதே குழிகள்.

கந்தகவாசம்

நான்கு சேம்பர் உள்ளங்கைக்குள்! 170 வருடக் குழிவிழுந்த பேரலில்! அந்தப் பெரியவரிடம் தாளைக் காட்டினாயா?

ஓய்வு ஆர்மரர்

நல்ல வேலை செய்தாய் தம்பி. தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது. வெடிப்பு இருக்கும் சிலிண்டரில் இனி மருந்து ஏற்றாதே, ஐந்து சேம்பர் சுத்தமாக இருந்தாலும் சரி. என் கருத்து அதில் மாறவில்லை.

லெஸ்டர் தமிழன்

காட்டினேன் அக்கா. ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே வீட்டுக்குப் போய்த் தன் ரெமிங்டன் ரிவால்வரின் சிலிண்டரைக் கழற்றி எடுத்துவந்து, சேம்பர்களை அளக்கச் சொன்னார். இருவரும் சேர்ந்து அளந்தோம்.

ஐயா, நீங்கள் சொன்னபடியே முடிவு செய்துவிட்டேன். இந்த சிலிண்டரில் இனிச் சுடப் போவதில்லை. அசல் நிப்பிள் ஆறையும் எண் போட்டுத் தனித்தனி உறையில் வைத்துப் பெட்டியில் சேர்த்துவிட்டேன், சாய டெஸ்ட் படத்தையும் கூடவே வைத்திருக்கிறேன், அடுத்து யார் கைக்குப் போனாலும் ஆறாவது சேம்பர் பற்றித் தெரிய வேண்டும். பேரலில் யாரும் துளை போடப் போவதில்லை. போட்டிக்கு நகலையே எடுத்துப் போகிறேன். அதன் சேம்பர்களையும் நேற்று அளந்தேன்: ஆறும் 9.42, பேரல் 9.53. இதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.